மேல் வீட்டு பீரோ

கண்ணாடிக்காரரின் மகள் ஏழாவது வயதில் நூற்று நாற்பத்தோரு கிலோ எடை இருந்தாள். ஆள் குண்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆறாவது பிறந்தநாளுக்கு எடுத்த கவுன் அப்போதும் அவள் தோளில் தொளதொளவென்றுதான் தொங்கிற்று. மணிக்கட்டை அவள் அம்மா கட்டைவிரலும் சுண்டுவிரலும் சேர்த்தே வளைத்துப் பிடித்துவிடுவாள். எடை போட்டது, அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தவருடைய இரும்புத் தராசில். அந்தத் தராசு எதையும் கூட்டிக் காட்டியதாகச் சரித்திரம் கிடையாது. வாங்குகிறவன் தராசு, அது குறைத்துத்தான் காட்டும். ஆகையால் உள்ளபடி இன்னும் நாலைந்து கிலோ கூடவே இருந்திருக்கும் என்பது தெருவின் அபிப்பிராயம். பேப்பர்க்காரர் முள்ளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முள்ளைப் பார்த்தார். பிறகு, "வளர்ற பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை ஏற்றினார்.

பிறந்தபோது அவள் ஒன்றே முக்கால் கிலோ. அப்பா உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இது என்ன குண்டுமணியா என்று கேட்டார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்குக் கட்டடத்தின் கீழேயே, பேப்பர் கடைக்குப் பக்கத்தில், ஜன்னல் கண்ணாடிக் கடை. அளவெடுத்து, அறுத்து, சட்டத்தில் பதித்து, ஓரத்தில் பட்டிப் பசை பூசி, ஒரு நாளைக்கு நாலு ஜன்னல் போடுவார். ஐந்தாவது ஜன்னலுக்கு யார் வந்து காலில் விழுந்தாலும் மாட்டேன் என்றுவிடுவார். சாயங்காலம் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டும், அதற்குக் கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர்கள் வீடு மூன்றாவது மாடியில், அதாவது அந்தக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது.

சண்டை தொடங்கிய மாதத்திலேயே ஆண்களுக்குத் தாக்கீது வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் மகளிடம், தூரத்து ஊரில் பெரிய கட்டடம் ஒன்று கட்டுகிறார்கள், ஜன்னல் போடப் போகிறேன் என்றார். எத்தனை ஜன்னல் என்று அவள் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, ஆயிரம் என்றார். அவள் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டுப் போய்ச் சுவர் நாட்காட்டிக்கு முன்னால் நின்றாள். அன்று அவள் எடை பதினேழு கிலோ. அதைப் பார்த்தவர் யாருமில்லை; ஆனால் அப்பா படி இறங்கும்வரை அவளை இடுப்பில்தான் வைத்திருந்தார், சுமந்தவருக்கு எடை தெரியாமல் போகாது.

அந்த வாரமே தெருவில் கூட்டம் கூடியது. கூட்டியவர் இரண்டாவது மாடியில், கண்ணாடிக்காரர் வீட்டுக்கு நேர் கீழே, குடியிருந்த டீச்சர். தெருப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக மூன்றாம் வகுப்பு எடுப்பவர். அவருடைய ஒரே மகனும் போயிருந்தான். நம் தலைவிதி நம்மோடு போகட்டும், பிள்ளைகள் மனசில் இது விழக் கூடாது என்றார் டீச்சர். எல்லோரும் சரி என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள், அதில் சந்தேகமில்லை. அன்றைக்கே சட்டதிட்டங்கள் எழுதப்பட்டன. பிள்ளைகள் முன்னால் யாரும் அழக் கூடாது. அழுதே தீர வேண்டுமென்றால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழ வேண்டும். வீட்டில் செய்தித்தாள் வைத்திருக்கக் கூடாது. படித்த கையோடு பேப்பர் கடையில் போட்டுவிட வேண்டும். வானத்திலிருந்து சத்தம் கேட்டால், மேல் வீட்டில் பீரோ நகர்த்துகிறார்கள் என்று சொல்ல வேண்டும். குண்டு என்ற வார்த்தையை வாயால் உச்சரிக்கவே கூடாது. இதனால் குண்டு பல்பு அந்தத் தெருவில் உருண்டை பல்பு ஆனது. சலூன்காரரின் மைத்துனர் குண்டண்ணன், பெரியண்ணன் ஆகிப் பூரித்துப்போனார். குண்டுமணி வெறும் மணியானாள். பெயரில் பாதியை எடுத்துவிட்டார்களே என்று அவள் கேட்கவில்லை. கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தாள்.

திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. மேல் வீட்டுக்காரர்கள் வாரத்துக்கு மூன்று தடவை, பிறகு தினம் இரண்டு தடவை பீரோ நகர்த்தினார்கள். சத்தம் கேட்டதும் தாய்மார்கள் பிள்ளைகளைச் சிரித்த முகத்தோடு கீழே இறக்கி, பேப்பர்க்காரரின் பாதாளக் கிடங்கில் உட்கார வைத்துவிட்டு, மூச்சு வாங்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டை விட்டு விரட்டிய செய்தித்தாள்கள் அத்தனையும் கட்டுக் கட்டாக அந்தக் கிடங்கில்தான் இருந்தன, பிள்ளைகள் ஏறி உட்கார்ந்ததே அவற்றின் மேல்தான் என்பது ஒரு பெரிய மனிதருக்கும் தோன்றவில்லை. டீச்சரிடம் எழுத்துக்கூட்டக் கற்ற பிள்ளைகள் முட்டிக்கடியில் தெரிந்த எழுத்துகளை மௌனமாகக் கூட்டிக் கூட்டிப் படித்தன. மேலே வந்ததும், பீரோவை வைத்துவிட்டார்களா அம்மா என்று பணிவாகக் கேட்டன. எந்தப் பிள்ளையும் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, மண்ணில் புரளவில்லை. எவ்வளவு சமத்து பாருங்கள் என்றார் டீச்சர், பெருமையோடு.

கனம் சேர ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். முதலில் பள்ளிக்கூடத்து ஊஞ்சல் சங்கிலி அறுந்தது. பிறகு பெஞ்சுகள் நடுவில் வளைந்தன. தையல்காரியின் மகன் அறுபது கிலோ ஆனான். ரொட்டிக் கடைக்காரரின் இரட்டைப் பிள்ளைகள் ஆளுக்கு நாற்பத்தைந்து. மழை பெய்து காய்ந்த தெருவில் பெரியவர்களின் காலடி லேசாகவும் பிள்ளைகளின் காலடி கணுக்கால் ஆழத்துக்கும் பதிந்திருந்தது. வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது, செருப்பை மட்டும் தடிமனாக வாங்குங்கள் என்று எழுதிக் கொடுத்தார். யார் வீட்டில் எவ்வளவு மறைத்தார்களோ அந்த அளவுக்குப் பிள்ளை கனத்தது என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடலாம். அன்றைக்கு அது யாருக்கும் புலப்படவில்லை. குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் காது அடைத்துப்போயிருந்தது.

கண்ணாடிக் கடையை மணியின் அம்மா ஏற்று நடத்தினாள். நல்ல வியாபாரம், பீரோ ஒரு தடவை நகர்ந்தால் தெருவில் முப்பது ஜன்னல் போயிற்று. புருஷன் வேலை செய்வதைப் பத்து வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. வைரமுனையை வைத்து ஒரே இழுப்பில் கோடு கிழிக்க வேண்டும். பாதியில் கை நின்றால், அல்லது அதே கோட்டில் இரண்டாம் முறை இழுத்தால், கண்ணாடி உன் பேச்சைக் கேட்காது, அது நினைத்த வழியில் உடையும் என்று அவர் சொல்வார். அவள் கை நிற்கவில்லை. நின்றது வேறொன்று. சாயங்காலம் மகளைத் தூக்கிக்கொண்டு படியேறுவது நின்றுபோயிற்று. முப்பது கிலோவரைக்கும் தூக்கினாள். நாற்பதில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாடி ஏறி இறக்கிவிட்டாள். ஒரு நாள் குனிந்து அக்குளில் கை கொடுத்து இழுத்தபோது பிள்ளை தரையில் அறைந்த ஆணி மாதிரி நின்றாள். பரவாயில்லைம்மா, எனக்குக் கால் இருக்கே என்று மகள் சொல்லிவிட்டு முன்னால் ஏறினாள். அன்றையிலிருந்து அம்மா அவளைத் தூக்க முயலவில்லை. தூங்கும்போது கையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். கையே மடியை அழுத்திற்று.

அப்பா போன இருநூற்றுப் பத்தாவது நாள் காலை, அம்மா நாலு மணிக்கெல்லாம் எழுந்து அறுத்த கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கடைக்கு முத்திரை போட்ட உறை ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் சைக்கிளிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றினார். அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அவள் உறையைப் பிரித்து ஒரு தடவை படித்தாள். ஒன்றோடொன்று உரசாமலிருக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே பழைய பேப்பர் வைப்பது வழக்கம். கடைசி அடுக்கில், கடைசிக் கண்ணாடிக்கும் அதற்கு முந்தியதற்கும் இடையில், பேப்பரோடு பேப்பராக உறையை வைத்துவிட்டாள். அன்று ஒன்பது ஜன்னல் போட்டாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். வெளியே வந்து, அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் ஜன்னல் பாக்கியாம் என்று மகளிடம் சொன்னாள். மகள் தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்தாள். கட்டில் கால் நான்கும் ஒரே நேரத்தில் முறிந்தன.

மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போக இறங்கியபோது முதல் படி விரிசல் விட்டது. சத்தம் கேட்டு வந்த கொத்தனார் இரண்டாவது படியில் காலை வைக்க விடவில்லை. அவர் தெருமுனைக்காரர், அந்தக் கட்டடத்தைக் கட்டியவரே அவர்தான். அவர் டீச்சர் வீட்டுக்குள் போய் மேலே அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு விரிசல் ஓடியிருந்தது. பத்துச் சவுக்குக் கழிகளைக் கொண்டுவந்து டீச்சரின் கட்டிலைச் சுற்றி முட்டுக் கொடுத்தார். விரிசலின் அகலத்தைப் பென்சிலால் அளந்து, பிள்ளை இருநூற்று முப்பது கிலோ இருப்பாள் என்று கணக்குச் சொன்னார். டீச்சருக்கு அந்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. கண்ணாடிக்காரரின் மகள் மேலே தண்ணீர் குடிக்க எழுந்து நடந்தால், சத்தியமாக ஒரு பீரோவை நகர்த்துகிற சத்தம் கேட்டது. தாம் கற்பித்த பொய் தம் தலைக்கு மேலேயே உலாத்துவதைக் கேட்டபடி டீச்சர் கழிகளுக்கு நடுவே படுத்திருந்தார்.

கொத்தனார் கண்ணாடிக்காரியைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னும் பத்து கிலோ தாங்கும், தங்கச்சி. அதுக்கு மேல ஏறுச்சுன்னா தளம் உட்கார்ந்துடும். பிள்ளை மூணு மாடியையும் சேர்த்து எடுத்துக்கிட்டுத்தான் கீழே போவா. நான் பயமுறுத்தல, கம்பியைக் கட்டினவன் சொல்றேன்."

"இறக்கவும் முடியாது, இருக்கவும் முடியாதுன்னா நான் என்ன பண்ணட்டும், அண்ணே?"

"அதைக் கொத்தனார்கிட்ட கேட்டா?" என்றார் அவர், மெதுவாக.

அவர் சொன்னபடி உத்திரம் ஓடுகிற மூலையில் பிள்ளைக்குப் பாய் விரித்தார்கள். அங்கிருந்து நகரக் கூடாது என்றார்கள், அவள் நகரவில்லை. பாடமும் சாப்பாடும் அங்கேயே. தெருப் பிள்ளைகள் பார்க்க வந்தால் ஒவ்வொருவராகத்தான் அனுமதி, அதுவும் வாசற்படியோடு. அம்மா அதன்பின் வேளைக்கு வேளை இன்னும் ஜாக்கிரதையானாள். மகள் முகம் பார்த்துச் சிரித்தாள், ஜோக்கு சொன்னாள், அப்பா எழுதியதாக வாயாலேயே கடிதங்கள் படித்தாள். ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே டீச்சர் வீட்டில் ஒரு கழி முனகிற்று. இருநூற்றைம்பதாவது நாளன்று மகள் நாட்காட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அப்பா எப்போது வருவார் என்று அவள் கேட்கவேயில்லை.

இருநூற்றுத் தொண்ணூறாவது நாள், நல்ல பட்டப்பகலில், அதுவரை நகர்த்தாத பெரிய பீரோக்களை எல்லாம் ஒன்றாக நகர்த்தினார்கள். தெரு முழுக்கக் கிடங்குக்கு ஓடிற்று. கண்ணாடிக்காரி மட்டும் எதிர்த்திசையில் படியேறி ஓடினாள். வீட்டு ஜன்னல் இரண்டும் சட்டத்தோடு உள்ளே விழுந்து கிடந்தன. மகள் தன் மூலையில், சொன்னபடி நகராமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு போய் அவளைச் சேர்த்து அணைத்தாள். இன்னொன்று விழுந்தது. சுவர் சுண்ணாம்பு உதிர்ந்து இருவர் தலையிலும் கொட்டிற்று. அந்த நேரத்திலும் பழக்க தோஷம் அவளை விடவில்லை.

"மேல் வீட்டுல பீரோ நகர்த்துறாங்க, கண்ணு."

மகள் அம்மாவின் தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். "அம்மா, நமக்கு மேல மொட்டை மாடிதானே இருக்கு?"

கண்ணாடிக்காரி மேலே பார்த்தாள். பத்து வருஷமாகக் குடியிருக்கிற வீடு. தினமும் துணி காயப் போடுவது அந்த மொட்டை மாடியில்தான்.

"எப்பலேர்ந்துடி உனக்குத் தெரியும்?"

"மொத நாள்லேர்ந்தே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துடுவியேன்னுதான்."

தரைக்குள் கம்பி ஒன்று அறுபடுகிற சத்தம் கேட்டது. கீழே டீச்சர் வீட்டில் கழிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. பிள்ளை உட்கார்ந்திருந்த மூலை நாலு விரல் கீழே இறங்கிற்று. அம்மா வாயைத் திறந்தாள். பாதியில் நின்றால் அவ்வளவுதான், இரண்டாம் தடவை இழுக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"அப்பா ஜன்னல் போடப் போகல. சண்டைக்குப் போனாரு. செத்துப்போயிட்டாரு. லெட்டர் வந்துச்சு. எண்பது நாளாச்சு. கடையில கண்ணாடிக்கு நடுவுல ஒளிச்சு வெச்சிருக்கேன்."

மகள் சுவர் நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அப்பா ஒரு நாளைக்கு நாலு ஜன்னல்தான் போடுவார், ஆயிரம் ஜன்னல் முடிந்து நாற்பது நாள் ஆகிறது என்றாள். "ஜன்னல் பாக்கின்னு சொன்ன அன்னிக்கு நீ ரொம்ப நேரம் குளிச்சேம்மா. வெளியில வந்தப்ப உன் தலை நனையவே இல்ல."

இருநூற்றுத் தொண்ணூறு நாளும் குழாயடியில் விட்டதையெல்லாம் கண்ணாடிக்காரி அந்த மூலையில், மகள் கண்ணெதிரே, வாய் விட்டு அழுது தீர்த்தாள். பிள்ளையும் பிள்ளை மாதிரி அழுதாள். கையைக் காலை உதைத்து, மூக்கு ஒழுக, விக்கி விக்கி அழுதாள். தரை இறங்குவது நின்றது. அம்மா எழுந்தபோது தன் கால்கள் தன்னுடையவை போல இல்லாததைக் கண்டாள். முட்டி ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டையைக் கட்டியிருந்தாற்போல இருந்தது. அவள் குனிந்து மகளின் அக்குளில் கை கொடுத்தாள். பிள்ளை எழும்பி வந்து இடுப்பில் உட்கார்ந்தாள்.

"வா, குண்டுமணி" என்றாள் அம்மா.

அப்படியே மூன்று மாடியும் இறங்கினாள். ஒவ்வொரு படியும் அவள் காலுக்கடியில் கட்டைவிரல் ஆழத்துக்கு அமுங்கி, அமுங்கிய இடத்தில் நின்று தாங்கியது. சந்தேகம் உள்ளவர்கள் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். மழை பெய்தால் அந்தக் காலடிகளில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கிடங்குக்குள் வந்து மகளை இறக்காமலே, எங்க வீட்டுக்காரர் இறந்துபோயிட்டாரு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். பேப்பர்க் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒன்றுகூட ஆச்சரியப்படவில்லை. தங்கள் அம்மாக்களின் முகத்தைத்தான் பார்த்தன. டீச்சர் சட்டத்தை நினைவூட்டக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு, என் பையன்கிட்டேருந்து ஆறு மாசமாத் தகவல் இல்லை என்றார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து போய், கட்டுகள் நசுங்க, அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன.

சத்தம் ஓய்ந்ததும் பேப்பர்க்காரர் தராசை வெளியே இழுத்துப் போட்டார். மகள் நூற்று இருபத்து நாலு. அம்மா, எந்நாளும் நாற்பத்தொன்பதைத் தாண்டாதவள், நூற்று ஐம்பத்தைந்து. பேப்பர்க்காரர் சுவரில் கரியால் கூட்டிப் பார்த்தார். கொத்தனார் சொன்ன இருநூற்று முப்பதோடு அம்மாவின் பழைய எடையைச் சேர்த்தால் எவ்வளவோ அதுவேதான். ஒரு கிலோகூடக் குறையவில்லை. அவர் தராசு குறைத்துக் காட்டாத ஒரே நாள் அது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். குறையவேயில்லையே, அப்புறம் தளம் எப்படித் தாங்கிற்று என்று கேட்டதற்குக் கொத்தனார், ஒரே இடத்தில் வைத்தால்தான் இறங்கும், இரண்டு இடத்தில் வைத்தால் தாங்கும், இது கட்டட சாஸ்திரத்தில் முதல் பாடம் என்றார். அந்த வாரம் தெருவில் வீட்டுக்கு வீடு பெரியவர்கள் கனத்தார்கள். தையல்காரியின் மிஷின் மிதி இரண்டு தடவை உடைந்தது. பிள்ளைகள் மண்ணில் புரண்டு அடம் பிடிக்க ஆரம்பித்தன. டீச்சருக்குக் கடைசிவரை தகவல் வரவில்லை. அவர் பிற்பாடு பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டுக்கொள்ளாமல் தரையிலேயே உட்கார்ந்து பாடம் எடுத்தார்.

சண்டை மேலும் இரண்டு வருஷம் நடந்து, ஒரு செவ்வாய்க்கிழமை யாருக்கும் சொல்லாமல் நின்றது. கனம் நிற்கவுமில்லை, கரையவுமில்லை, பழகிவிட்டது. அந்தத் தெருவுக்கென்று பேருந்துக்காரர்கள் சக்கரத்தில் காற்றைக் கூட்டி அடித்துக்கொண்டு வருகிறார்கள். கொத்தனார் புது வீட்டுக்கு அடித்தளம் போடுமுன், மொத்தம் எத்தனை பேர், ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு என்று இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்கிறார். குண்டுமணி பள்ளிப் படிப்பை முடித்துக் கடைக்கு வந்தாள். ஒரே இழுப்பில் அறுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். ஒரு நாளைக்கு நாலு ஜன்னல்தான். முத்திரை போட்ட உறையைக் கண்ணாடிகளுக்கு நடுவிலிருந்து எடுத்துச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார்கள். வெயிலில் எழுத்து மங்கிவிட்டது, கண்ணாடியை மட்டும் வாரம் ஒரு முறை துடைக்கிறார்கள்.

பதினாறு வருஷம் கழித்துக் கட்டடத்தின் சொந்தக்காரர் மொட்டை மாடியில் நாலாவதாக ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் மகளும் நகத்தில் ஒட்டிய பட்டியைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, தலைக்கு மேலே கடகடவென்று சத்தம் உருண்டது. அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்று, மறுபடி உருண்டது.

"போய்ப் பார்த்துட்டு வா" என்றாள் அம்மா.

குண்டுமணி படியேறிப் போனாள். மேலே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வியர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று வாசலில் விரலைச் சப்பிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அவள் போய்த் தோளைக் கொடுத்து ஒரு சாய் சாய்ந்தாள். அது தானாகச் சுவரோரம் போய் நின்றது. இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பீரோதாம்மா. பச்சைக் கலர்."

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கதவுக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கு. மாத்தணும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அளவு நாடாவை எங்கே வைத்தாய் என்று கேட்டாள்.